வாழைப்பழம் என்று சொல்லக் கூடாது

முதல் வருஷம் நான் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதைத் தினமும் செய்தேன். சுவைக்கும் மேசையில் கிண்ணங்களை நிரப்பி, வந்தவர்கள் அதை மூக்கருகே கொண்டுபோவதற்குள் "வாழைப்பழ வாசனை வரும், பாருங்கள்" என்று சொல்லிவிடுவேன். எல்லாருக்கும் வாழைப்பழ வாசனை வந்தது. அடுத்த கிண்ணத்துக்கு ஆப்பிள் என்பேன். ஆப்பிள் வந்தது. ஒருநாள் அவசரத்தில் கிண்ணங்கள் இடம் மாறிவிட்டன. ஆப்பிளில் வாழைப்பழத்தையும் வாழைப்பழத்தில் ஆப்பிளையும் எட்டுப் பேர் கண்டுபிடித்து, தலையாட்டி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான தொழிலாளி ஒருவர், கூட்டம் கலைந்ததும், "நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றார். நன்றி சொல்லிக் குனிந்து வணங்கினேன். அது புகழ்ச்சி இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஜப்பானில், ஹிரோஷிமாவுக்குக் கிழக்கே சைஜோ என்ற ஊரில், சாகே எனும் அரிசி மதுவின் ஆலைகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாகப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். படிக்க வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். பிறந்தது காங்கேயத்தில், அரிசி மில் வீட்டில். நெல் ஊறும் தொட்டியின் வாசமும் தவிட்டுப் புழுதியும்தான் எனக்கு ஞாபகம் இருக்கும் முதல் வாசனைகள். சைஜோவுக்கு வந்த முதல் வாரம் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். சடாகே. எங்கள் பக்கத்து மில்லில் கறுப்பரிசி பொறுக்கும் கலர் சார்ட்டரின் நெற்றியில் எழுதியிருந்த அதே பெயர். 1896இல் சடாகே ரியிச்சி என்பவர், ஜப்பானின் முதல் விசையில் ஓடும் அரிசி தீட்டும் இயந்திரத்தை இந்த ஊரில்தான் செய்தார். அதுவரை சாகேக்கான அரிசியைக் காலால் மிதித்தும் தண்ணீர்ச் சக்கரத்தாலும் குத்திக்கொண்டிருந்தார்கள். ஆக, அம்மா போனில் "அங்கயும் அரிசி மில்லுதானா கண்ணு?" என்று கேட்கும்போது "ஆமாங்கம்மா" என்று சொல்வது முழுப் பொய் ஆகாது.

சைஜோ ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் ஐந்து நிமிட நடையில் செங்கல் புகைபோக்கிகள் தெரியும். ஏழு ஆலைகள் ஒரே தெருவை ஒட்டி, வெள்ளைச் சுவரும் சிவந்த ஓடுமாக நிற்கின்றன. வாசலில் தொங்கும் பந்தைத்தான் எல்லோரும் முதலில் படமெடுப்பார்கள். சுகிதாமா என்று பெயர். ஊசியிலை மரம் ஒன்றின் தழையைக் கட்டி, உருண்டையாகக் கத்தரித்தது. புதுச் சரக்கு பிழிந்ததும் பச்சைப் பந்தை ஏற்றுவார்கள். அது பழுப்பாக மாற மாற, உள்ளே சாகேயும் முதிர்கிறது என்று பொருள்.

பந்தைவிட நான் அதிக நேரம் நிறுத்துவது கிணற்றடியில். சில ஆலைகள் வாசல் கிணற்றை ஊராருக்குத் திறந்து வைத்திருக்கின்றன. குடம் இல்லை, பிளாஸ்டிக் பாட்டில்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வாய் குடிக்கச் சொல்வேன். காங்கேயத்து ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு அது தண்ணீராகவே தோன்றாது, அவ்வளவு மென்மை. இந்த மென்மைதான் ஒரு காலத்தில் ஹிரோஷிமாவின் சாபம். கோபே அருகே நதா வட்டாரத்தில் 1840இல் கண்டறிந்த மியாமிசு ஊற்று கனிமம் நிறைந்தது. அதில் ஈஸ்ட் துள்ளிக்கொண்டு வேலை செய்யும். ஹிரோஷிமாவின் மென்னீரில் ஈஸ்ட் சோம்பிக் கிடந்தது, தொட்டி தொட்டியாகக் கெட்டது. பக்கத்துக் கடலோரத்து மித்சு ஊரின் மியுரா சென்சாபுரோ, நதாவைப் போலச் செய்யப் பார்ப்பதை விட்டுவிட்டு, சோம்பலையே முறையாக்கினார். குளிரில் வைத்து மெதுவாகப் புளிக்கவிட்டார். 1898இல் அதைப் புத்தகமாக எழுதி எல்லோருக்கும் கொடுத்தும்விட்டார். 1907இல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமாக்காரர்கள் மேலிடங்களைப் பிடித்தார்கள். இன்று ஜின்ஜோ என்று விலை வைத்து விற்கும் மணமுள்ள சாகேக்கெல்லாம் அந்த மெதுப்புளிப்புதான் வேர்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஆட்கள் வருவது கோடையில், சாகே நடப்பது குளிரில். அக்டோபர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரைதான் காய்ச்சும் பருவம். அதிலும் வேலை மும்முரம் விடியலுக்கு முன்னால். ஆகஸ்டில் வருகிறவருக்கு நான் காட்டக்கூடியது துடைத்துக் கவிழ்த்த மரச்சாமான்களையும், வரிசையாக நிற்கும் தொட்டிகளையும்தான். தொட்டியின் வயிற்றில் எண்ணும் லிட்டர் கணக்கும் எழுதியிருக்கும். யாருக்காக என்று கேட்பேன். வரி அதிகாரிக்காக. 1900 வாக்கில் ஜப்பானின் தேசிய வரி வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்தது. சாகே கெட்டால் கஜானா கெடும் என்பதால்தான் 1904இல் அரசே காய்ச்சும் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கியது. அது 1995இல் டோக்கியோவை விட்டு இந்த ஊருக்கே வந்துவிட்டது. டாஸ்மாக் நாட்டிலிருந்து போனவனுக்கு இந்தக் கணக்கில் அதிசயம் ஒன்றும் இல்லை. கஜானா நிறையவேண்டும் என்பதற்காக விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தார்கள் என்பதுதான் அதிசயம்.

தமிழ் ஆட்கள் வந்தால் முதலில் ஒரு திருத்தம் செய்வேன். இது சாராயம் இல்லை. ஆவியாக்கி வடிப்பதில்லை. கள் மாதிரி புளிக்கிற சரக்கு. "அப்ப கிக் இருக்காதா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். புளிப்பாலேயே 20 சதவீதத்தை எட்டிப்பார்க்கும், தண்ணீர் சேர்த்து 15, 16க்குக் கொண்டுவருவார்கள் என்றால் அமைதியாகிவிடுவார்.

இந்த வீரியத்துக்குக் காரணம் கோஜி. அவித்த அரிசியில் தூவி வளர்க்கிற ஒரு பூஞ்சை. ஊசிப்போன சோற்றில் பூப்பதற்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் ஒழுக்கமாக வளர்க்கப்பட்டது. அது அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரை ஆக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச்சத்து ஆக்குகிறது. ஒரு பக்கம் சமைக்கச் சமைக்க மறுபக்கம் பந்தி நடக்கிற மாதிரி. நம்மவர்கள் வேறு வழியில் போனார்கள். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழைத் துழாவி ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து வடிக்கும் முறை வருகிறது. முளைத்த தானியம் என்பது பீரின் வழி. பூஞ்சை என்பது கிழக்காசியாவின் வழி. இரண்டுக்கும் கச்சாப்பொருள் ஒரே அரிசிதான். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுகிறேன், தெரிந்தேதான்.

கோஜி அறைதான் ஆலையின் கருவறை. முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம், மரச்சுவர், பலகையில் பரப்பிய அரிசி, இரண்டு நாள் தூங்காத காவல். அதற்குள் விருந்தாளிகளை விடும் ஆலைகள் குறைவு. கண்ணாடி வழியே காட்டுவார்கள். ஒரே ஒருமுறை, பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆலையில், எனக்காக ஒரு சிறு குழுவைக் கதவு வரை அனுமதித்தார்கள். வெள்ளை அங்கி, தலைவலை, கைகழுவல் எல்லாம் முடிந்து வரிசையில் நிற்கும்போது, பேச்சுவாக்கில் ஒரு பெண்மணி அன்று காலை விடுதியில் நத்தோ சாப்பிட்டதைப் பெருமையாகச் சொன்னார். நூல் நூலாக இழுபடும் அந்தப் புளித்த சோயாவை வெளிநாட்டவர் சாப்பிடுவதே பெரிய விஷயம், பாவம், அவர் பாராட்டை எதிர்பார்த்திருக்கலாம். நத்தோவில் இருக்கும் பாக்டீரியா கோஜி அறையில் நுழைந்துவிட்டால் பூஞ்சையை முந்திக்கொண்டு பரவும். அரிசி வழவழத்துப் போகும். கொதிநீருக்கும் சாகாத வித்து அது. காய்ச்சும் பருவம் முழுக்க ஆலைக்காரர்கள் வீட்டில்கூட நத்தோ தொடமாட்டார்கள். பொறுப்பாளர் கோபிக்கவில்லை. மூச்சை உள்ளிழுத்து, தலையைச் சாய்த்து, "கொஞ்சம்..." என்று மட்டும் சொன்னார். ஜப்பானில் அந்தச் சொல்லுக்கு மேல் கதவு கிடையாது. குழு முழுவதும் திரும்பியது. முந்தின நாளே கேட்டிருக்கவேண்டியது என் வேலை. இப்போது முன்பதிவு வந்ததும் நான் அனுப்பும் முதல் செய்தி, வரும் நாளன்று காலை என்ன சாப்பிடப்போகிறீர்கள் என்பதுதான். சிலர் நான் டிபன் ஏற்பாடு செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பட்டியல் அனுப்புகிறார்கள்.

அரிசி அவிப்பது விடிகாலையில். பெரிய தொட்டியில் ஆவி கிளம்பும்போது அந்தத் தெருவே இட்லிக்கடை மாதிரி ஆகிவிடும். சோறு மாதிரி வேகக் கூடாது. மேலே விறைப்பும் உள்ளே குழைவுமாக இருந்தால்தான் பூஞ்சை ஈரம் தேடி உள்ளே வேர் இறக்கும். தோஜி எனப்படும் தலைமைக் காய்ச்சுநர் ஒரு பிடி சூடான அரிசியை உள்ளங்கையில் வைத்து மாவாகப் பிசைந்து தட்டையாக்கி, பதம் பார்ப்பார். என்னிடமும் ஒருமுறை கொடுத்தார். என் கையில் அது அப்பளம் ஆகாமல் உதிர்ந்தது. எப்போதும் நனைந்தே கிடக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இங்கே பிஷோ என்று செல்லப்பெயர், தொப்பல் என்கிற மாதிரி. அவர்கள் கறியும் காய்கறியும் சாகே ஊற்றி, உப்பும் மிளகும் மட்டும் போட்டு வேகவைத்துச் சாப்பிட்ட சட்டிச் சாப்பாட்டை இன்று சைஜோ உணவகங்கள் எல்லாம் விற்கின்றன. சாராயச்சத்து பெரும்பாலும் கொதியில் போய்விடும்.

பெண்கள் வந்தால், பெண்களை ஆலைக்குள் விடமாட்டார்களாமே என்று கேட்பார்கள். நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எதுவும் ஒப்பும்படி இல்லை. மியுராவின் வட்டாரமான அகித்சுவில் இன்று ஆலையை நடத்துவதும் தோஜியாக இருப்பதும் இமாதா மிஹோ என்ற பெண்மணி. பி.பி.சி.யின் 2020ஆம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் உண்டு.

கடைசியில் மேசை. இங்கே கூட்டம் சுறுசுறுப்பாகும். அதற்கு முன் ஒரு கேள்வி: யார் கார் ஓட்டப்போகிறீர்கள்? ஜப்பானில் குடித்து ஓட்டினவர் மட்டுமல்ல, ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் ஊற்றிக்கொடுத்தவரும் மாட்டுவார். ஒரு வாய்தானே என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட்டுநரின் கழுத்தில் அட்டை ஏறும். அவருக்கும் பிள்ளைகளுக்கும் கோஜியில் செய்த அமசாகே, கூழ் மாதிரி, சர்க்கரை சேர்க்காமலே தித்திக்கும். பல நாள் அந்த மேசையில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அட்டை மாட்டினவர்தான்.

சுவைக்கும் கிண்ணம் வெள்ளைப் பீங்கான். அடியில் நீல நிறத்தில் இரண்டு வளையம், பாம்பின் கண் என்று பெயர். வெள்ளையில் நிறம் தெரியும், நீல விளிம்பில் கலங்கல் தெரியும். ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கில் பரப்பி, காற்றை உறிஞ்சி, மூக்கு வழியே மூச்சை விடவேண்டும். தொழில்காரர்கள் துப்பிவிடுவார்கள். காசு கொடுத்து வந்தவரைத் துப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. பதிலுக்கு, குடித்த அளவு தண்ணீர் குடிக்கச் சொல்வேன், அதே கிணற்றுத் தண்ணீர். எது விலை அதிகம் என்று கேட்பவரிடம் முதலில் சொல்வதில்லை. சொன்னால் அதுதான் நன்றாக இருக்கும், வாழைப்பழம் மாதிரியேதான்.

இப்போது நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அரை நிமிஷம் ரொம்ப நீளம். ஆட்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், சரியான விடை அங்கே எழுதியிருக்கிற மாதிரி. நான் ஜன்னலைப் பார்ப்பேன். பிறகு ஒருவர் வாய்திறப்பார். ஒரு கிண்ணத்தை மோந்துவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரர் தன் பாட்டியின் துணி அலமாரி என்றார். இந்தோனேசிய மாணவி ஒருத்தி தாப்பே என்றாள். அவள் ஊரில் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் இனிப்பு. எந்தக் கையேட்டிலும் அந்தச் சொற்கள் இல்லை. தப்பும் இல்லை.

என் மௌனத்துக்குக் கிடைத்த பெரிய கூலி ஒரு சென்னை மாமியிடமிருந்து வந்தது. மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். மடிசார் இல்லை, ஸ்வெட்டரும் பருத்திப் புடவையும். "நான் இதெல்லாம் தொடமாட்டேன்ப்பா, நீங்க நடத்துங்கோ" என்று மேசையின் கோடியில் உட்கார்ந்துகொண்டார். மோந்து பார்ப்பதில் தப்பில்லையே மாமி என்று கிண்ணங்களை மட்டும் நகர்த்தினேன். மணம் பரப்பும் தைஜின்ஜோவைப் பார்த்து முகம் சுளித்தார். "சென்ட் மாதிரி இருக்கு." மூன்றாவது கிண்ணத்தில் நின்றுவிட்டார். மறுபடி மோந்தார். மருமகளைக் கூப்பிட்டார். "ஏண்டி, இது ராத்திரி அரைச்சு வச்ச மாவு. காலம்பற மூடியத் தொறந்தா வருமே, அந்த வாசனை."

அது கிமோத்தோ முறையில் செய்தது. ஈஸ்ட் வளர்க்கும் முதல் கலவையில் லாக்டிக் அமிலத்தைப் புட்டியிலிருந்து ஊற்றினால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். கிமோத்தோவில் ஊற்றுவதில்லை. காற்றிலும் அரிசியிலும் மரச்சாமானிலும் இருக்கும் பாக்டீரியாவே வந்து புளிக்கவைக்கக் காத்திருப்பார்கள், ஒரு மாதம் ஆகும். அப்படி முதலில் வந்து சேருகிறவற்றில் ஒன்று லியூக்கனோஸ்டாக் மெசென்டிராய்டஸ். உளுந்தும் அரிசியும் அரைத்த மாவைப் பொங்கவைப்பதும் அதேதான். நான் பட்டப்படிப்பில் பாடமாகப் படித்ததை மாமி மூக்கால் சொல்லிவிட்டார். ஆலைக்காரரிடம் மொழிபெயர்த்தேன். இட்லி என்றால் என்ன என்று விளக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தானும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, மாமிக்கு அமசாகே இன்னொரு கோப்பை ஊற்றினார். "நன்னா இனிக்கறது, இத எப்படிப் பண்றாளாம், கேளு" என்றார் மாமி.

போன வருஷம் அப்பா வந்தார். மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பத்து நாள். குடிப்பழக்கம் அறவே இல்லாதவர், என் வேலையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொந்தமாக அரிசி தீட்டும் ஓர் ஆலைக்கு அழைத்துப்போனேன். சத்தம் கேட்டதும் நடை மாறியது. இயந்திரத்தைச் சுற்றி வந்தார், பெல்ட்டைப் பார்த்தார், கல்லைப் பற்றிக் கேட்டார்.

அப்பாவின் வாழ்க்கை 68 என்ற எண்ணில் நடந்தது. அரசுக் கணக்கில் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி கொடுக்கவேண்டும். பச்சரிசி என்றால் 67. ஒரு கிலோ குறைந்தாலும் கைக்காசு. இங்கே உமி நீக்கிய அரிசியை எடுத்து, அதிலும் பாதியைத் தீட்டித் தள்ளுகிறார்கள். தைஜின்ஜோ என்று பெயர் வைக்க, மிஞ்சுவது 50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அரிசி உடையாமல் அதைச் செய்ய இரண்டு நாளாவது மெதுவாக ஓட்டவேண்டும். மேற்புறத்துப் புரதமும் கொழுப்பும் போனால்தான் சுவை தெளியும். பொறுப்பாளர் அப்பாவின் உள்ளங்கையில் தீட்டிய அரிசியைக் கொட்டினார். ஜவ்வரிசி மாதிரி உருண்டை, ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன்டா, இந்த வெள்ளப் பொட்டு உழுந்த அரிசியத்தான நம்ம சார்ட்டர் வெளிய தள்ளும்?"

"ஆமாங்கப்பா. இவங்களுக்கு அதுதான் வேணும். பூஞ்சை அதுக்குள்ள எறங்கும். அதுக்குன்னே நெல்லு போடறாங்க, வெல அதிகம்."

ஒன்றும் சொல்லவில்லை. ஓர் அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்தார். தரையைப் பார்த்தார், சிந்தல் இருக்கிறதா என்று. இல்லை. பிறகுதான் மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்: மீதிப் பாதி எங்கே?

பொறுப்பாளர் அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். பைகள் வரிசையாக நின்றன. முதல் தீட்டலில் வருவது பழுப்பு, மாட்டுக்கும் ஊறுகாய்க்கும். போகப்போக வெளுத்து, கடைசியில் வருவது சுத்த வெள்ளை. அரிசி முறுக்குக்கும் பலகாரத்துக்கும் வாங்கிப்போகிறார்கள் என்று நான் மொழிபெயர்த்தேன். அப்பா கடைசிப் பையில் கைவிட்டு, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது தவிடில்லடா. மாவு."

பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்தார், விருந்தாளி என்ன சொல்கிறார் என்று.

"கிலோ என்ன வெலைக்குப் போடறாங்கன்னு கேளு" என்றார் அப்பா.